தோட்டத்து ஷெட்: கட்டும் முன்பும், பறந்த பின்பும்

ஆனி, ஆடி வந்துவிட்டால் கடையநல்லூரைச் சுற்றி ஏதாவதொரு தோப்பில் ஷெட்டின் தகரம் பறக்காமல் இருப்பதில்லை. உடைமைக்காரர் செய்யும் முதல் வேலை, விழுந்த தகரத்தைப் பொறுக்கி, தட்டி நிமிர்த்தி, அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு மறுபடி அடிக்கச் சொல்வது. பத்து நாள் கழித்து, "அரசாங்கத்தில் பணம் தருகிறார்களாமே" என்று யாரோ சொல்ல, தாலுகா அலுவலகத்துக்குப் போகிறார். சேதத்தின் படம் எங்கே என்று கேட்கிறார்கள். எடுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தால் அங்கே சேதமே இல்லை. கூரை பழைய ஆணியிலேயே நிற்கிறது, அடுத்த காற்றில் பறப்பதற்குத் தயாராக.

செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்த வழியிலேயே இருந்துகொண்டு, காற்றைக் கணக்கில் எடுக்காமல் நாம் ஷெட் போடுகிறோம். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, தென் தமிழகத்தின் உள்பகுதிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 39 மீட்டர். அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வீச்சில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ அழுத்தம் விழும். 10க்கு 12 அடிக் கூரை என்றால் 11 சதுர மீட்டர். ஒரு பக்கம் திறந்து கிடக்கும் ஷெட்டில் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு டன் அளவுக்குக்கூடக் கூரையைத் தூக்கும். அரை மில்லிமீட்டர் தகரமோ மொத்தமே 50 கிலோதான். மேலே நாலு கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கல்லும் யார் தலையிலாவதுதான் விழும்.

கைமரம் உத்தரத்தில் உட்காரும் இடத்தை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூன்று இன்ச் ஆணி சாய்வாக அடித்திருக்கும். கீழே அமுக்கும் பாரத்துக்கு அது போதும். மேலே இழுக்கும் காற்றுக்கு அது உருவிக்கொண்டு வந்துவிடும். அங்கே ஓர் இரும்புப் பட்டையைக் கைமரத்தின் மேலாகச் சுற்றி, உத்தரத்தின் இரண்டு பக்கமும் இறக்கி, போல்ட் போட்டு முறுக்க வேண்டும். உத்தரத்தைத் தூணோடும் அப்படியே இணைக்க வேண்டும். தூணின் அடியைக் கான்கிரீட்டில் பதித்த இரும்புப் பிளேட்டில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். மண்ணுக்குள் நேராக நட்டால் கரையான் தின்றுவிடும், மேலே இருக்கும் பட்டையால் பயனில்லை. சுவர்ச் சட்டத்தின் நான்கு மூலையிலும் சாய்வாகக் குறுக்குக் கட்டை அடியுங்கள். அது இல்லாத சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தகரத்துக்கு ஜே போல்ட்டும் வாஷரும் போடுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாகப் போடுங்கள், காற்று முதலில் பிடித்துக் கிளப்புவது ஓரத்தைத்தான். இறவாரத்தை நீளமாக இழுக்காதீர்கள்.

ஷெட்டுக்கு மேலே மின்கம்பி போனால் வேலையை நிறுத்துங்கள். வீட்டு இணைப்புக் கம்பிக்கும் கூரைக்கும் நேர் உயரத்தில் 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பிக்கு உயரத்தில் 3.7 மீட்டர். தகரம் ஏற்றிய பிறகல்ல, தூண் நடும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கிலும் கட்டாதீர்கள். நகராட்சி எல்லைக்குள் என்றால் அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று வெட்டிவிட்டு லாரியில் ஏற்றும்போது மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968 முதல் இருக்கின்றன. எந்த மரத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதை வெட்டும் முன் கடையநல்லூர் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். உத்தரத்துக்குப் பனை வெட்ட நினைப்பவர்கள் கவனிக்க: பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு சொல்லிவிட்டது.

ஆசாரியிடமும் மரக்கடையிலும் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இந்த ஊரில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் பணம் அனுப்ப, வேலையை மேற்பார்க்க வீட்டில் ஆளில்லாத குடும்பங்கள் நிறைய. அளவு, மரத்தின் வகை, இரும்புப் பட்டை உண்டா, கூலி, முன்பணம், முடிக்கும் தேதி ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மரக்கடையில் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். வேலை மோசமென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் தாள் இல்லாமல் வழக்கு நிற்காது.

இனி, பறந்த பிறகு. படம் எடுக்காமல் தகரத்தைத் தொடாதீர்கள். ஷெட் முழுவதும் தெரிய ஒரு படம், முறிந்த இணைப்புகள் தெரிய நெருக்கமாகச் சில படங்கள், பின்னால் வீடோ கிணறோ தெரியும்படி ஒன்று. அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் வராவிட்டால் மாவட்டப் பேரிடர் எண் 1077இல் பதிவு செய்யுங்கள். கடையநல்லூர் வட்டாட்சியருக்கு எழுதும் மனுவோடு ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, வீட்டு வரி ரசீது, படங்கள் சேருங்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றையும் கேட்பார்கள். மாடோ ஆடோ செத்தால் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்குங்கள்.

2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண நெறிமுறையில் குடிசைக்கு 8,000 ரூபாய், வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்துக்கு 3,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று வகுத்திருக்கிறார்கள். "வீட்டை ஒட்டிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். தோப்பின் நடுவே தனியாக நிற்கும் தட்டுமுட்டு ஷெட் அதில் வராது. அதற்குக் காப்பீடுதான் வழி. வீட்டுக் காப்பீடு எடுக்கும்போதே, இந்த ஷெட் சேருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் தலையாட்டியதை நம்பாதீர்கள்.

மனுவைக் கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். "போங்க, பார்க்கிறோம்" என்று அனுப்புவது அலுவலகங்களுக்குப் பழகிப்போன பதில். ஒப்புகைச்சீட்டு இல்லாதவர் மனுவே கொடுக்காதவர்தான். பதில் வராவிட்டால் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒப்புகைச்சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு மனு கொடுங்கள். முதல்வர் உதவி எண் 1100இலும் பதிவு செய்யுங்கள். அப்போதும் அசையவில்லையா? 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலர் அதில் என்ன அறிக்கை கொடுத்தார், அதன் நகல் தாருங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.