காலம் தவறாக் கணினி

நுழையும்முன்

மரத்திலும் உலோகத்திலும் நுண்ணிய வடிவங்களைச் செதுக்கும் கணினிவழி இயந்திரங்கள் பெருந்தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்த காலம் மாறிவிட்டது. ஆர்வலர்கள் அவற்றைத் தம் வீட்டுப் பட்டறைகளிலேயே உருவாக்குகின்றனர். அவ்வியந்திரங்களுக்கு ஏற்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து நிறுவும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கணினியின் தரத்தை அதன் வேகத்தால் அளப்பது பொது வழக்கு. ஆனால், இயந்திரத்தை இயக்கும் கணினிக்கு வேகத்தினும் காலந்தவறாமையே தலையாய தகுதியாகும். அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

துடிப்பும் நகர்வும்

ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிநிலை மின்னோடி, ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு கோணம் மட்டுமே திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் என்பது பரவலான அமைப்பு. மின்னோடியை இயக்கும் மின்சுற்று ஒவ்வொரு படியையும் பத்தாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள் தேவைப்படும். மின்னோடியுடன் பிணைந்த திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துமாயின், ஒரு மி.மீ. நகர்வுக்கு 400 துடிப்புகள் வேண்டும். நொடிக்கு 20 மி.மீ. வேகத்தில் நகர வேண்டுமெனில், கணினி நொடிக்கு 8000 துடிப்புகளை அனுப்ப வேண்டும். அதாவது, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் 125 மைக்ரோநொடி மட்டுமே.

ஒரு துடிப்பு காலந்தாழ்ந்து வந்தால், துடிப்புகளின் சீரான ஒழுங்கு குலையும். அந்தத் திடீர் மாற்றத்திற்கு ஈடுகொடுக்க இயலாத மின்னோடி, படிகளைத் தவறவிடக்கூடும். எளிய இயந்திரங்களில் இப்பிழையைக் கணினிக்கு உணர்த்தும் உணரி இருப்பதில்லை. எனவே, கருவிமுனை ஓரிடத்தில் இருப்பதாகக் கணினி கருத, அது வேறோரிடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் விழும் ஒவ்வொரு வெட்டும் விலகியே அமையும். பல மணிநேர உழைப்பும் பொருளும் வீணாகும்.

நிகழ்நேர உட்கரு

பொதுவான இயங்குதளம் தன் நேரத்தைப் பல பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. திரையைப் புதுப்பித்தல், வட்டில் எழுதுதல், வலையோடு தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றுக்கிடையே இயந்திரத்திற்கான துடிப்பு காத்திருக்க நேரலாம். நிகழ்நேர உட்கருவோ, குறித்த பணிக்குரிய நேரம் வந்ததும் பிற பணிகளை ஒதுக்கி அதற்கே முதன்மை தருகிறது.

லினசு டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் உட்கருவின் மூலநிரலை எவரும் திருத்தலாம். இவ்வுரிமையே அதனை நிகழ்நேரப் பணிக்கேற்ப மாற்றியமைக்க வழிவகுத்தது. நெடுங்காலம் தனி இணைப்பாகப் பேணப்பட்ட நிகழ்நேர வசதி, 2024இல் வெளியான 6.12ஆம் பதிப்பில் முதன்மை உட்கருவுடன் சேர்ந்தது.

தெரிந்துகொள்வோம்

லினக்ஸ்சிஎன்சி என்பது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 1990களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு நிரலே இதன் வேர். அந்நிரல் பொதுவுடைமையாக இருந்தமையால் தன்னார்வலர்கள் அதனை விரித்து வளர்த்தனர்.

தேர்ந்தெடுத்தல்

தொடக்க நிலையினர், டெபியன் லினக்ஸ், நிகழ்நேர உட்கரு, லினக்ஸ்சிஎன்சி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த நிறுவல் கோப்பைத் தேர்ந்தெடுப்பதே நன்று. பிற லினக்ஸ் வகைகளிலும் இம்மென்பொருளை நிறுவலாம். எனினும், பொருத்தமான உட்கருவைத் தாமே அமைக்க வேண்டியிருக்கும்.

மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு மடிக்கணினிகளில் உள்ள ஏற்பாடுகள் எதிர்பாராத தாமதத்தை விளைவிக்கும். ஆதலால் மேசைக்கணினியே ஏற்றது. துடிப்புகளைக் கணினியே இணைநிலைத் துறை வழியாக அனுப்புவது செலவு குறைந்த முறை. துடிப்புகளைத் தானே உருவாக்கும் தனி மின்னட்டையைப் பயன்படுத்தினால், கணினி 1000 மைக்ரோநொடிக்கு ஒருமுறை கட்டளையிட்டாலே போதும். அப்போது சிறு தாமதங்கள் தீங்கு செய்வதில்லை.

சோதித்து நிறுவுதல்

நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, அது பழுதின்றி வந்துள்ளதைச் சரிபார்ப்பெண்ணால் உறுதிசெய்து, யுஎஸ்பி நினைவகத்தில் எழுத வேண்டும். வட்டில் நிறுவுமுன் அந்நினைவகத்திலிருந்தே கணினியை இயக்கித் தாமதச் சோதனையை நிகழ்த்தலாம். சோதனையின்போது சாளரங்களை நகர்த்தியும் பெரிய கோப்புகளைப் படியெடுத்தும் கணினிக்குச் சுமை தர வேண்டும். மிகுதியான தாமதம் 20 மைக்ரோநொடிக்குள் இருப்பின் மிக நன்று. 50 வரை ஏற்கலாம். 100ஐத் தாண்டினால் அக்கணினி நேரடியாகத் துடிப்பு அனுப்பத் தகுதியற்றது. விலையுயர்ந்த கணினி இதில் தோற்பதும் பழைய கணினி வெல்வதும் உண்டு.

தேர்ச்சி பெற்ற கணினியின் வட்டிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் சேமித்த பின்னரே நிறுவலைத் தொடங்க வேண்டும். பின்பு ஒரு மி.மீ. நகர்வுக்குரிய துடிப்புகள், அச்சுகளின் நீளம், உச்ச வேகம் ஆகியவற்றை அமைப்பு வழிகாட்டியில் இட வேண்டும். முதல் ஓட்டத்தில் வெட்டுக்கருவியைப் பொருத்தாமல் நகர்வை மட்டும் அளந்து பார்த்தல் முறை. அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளிடம் மட்டுமே ஒப்படைத்தல் கூடாது. அது மின்னோடிகளுக்குச் செல்லும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். ஏனெனில், கணினி செயலிழக்கும் தருணத்திலும் கைவிரல்களைக் காக்க வேண்டியது அதுவே.

விலையையும் விளம்பரத்தையும் நம்பாமல் அளந்தறிந்து தெளிவதே பொறியியலின் முதல் ஒழுக்கம். வீட்டுப் பட்டறையின் சிறு இயந்திரமும் அதனைக் கற்பிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துமாயின், ஒரு மி.மீ. நகர்வுக்குத் தேவைப்படும் துடிப்புகளைக் கணக்கிடுக.
2. 'வேகமும் காலந்தவறாமையும் ஒன்றல்ல' – இக்கருத்தை அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.