கொழுந்துக்கு ஒரு தராசு, கதிரைக்கு ஒரு தராசா?



கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைப்பாதையில் ஏறினாலும் கலஹா வழியாக லூல்கந்துர பக்கம் சென்றாலும், தேயிலை மலைகள்தான் நம்மை வரவேற்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்த இடம் லூல்கந்துரதான். நாம் காலையில் குடிக்கும் பிளேன்டீக்குப் பின்னால், அந்த மலைகளில் நிற்கும் நம்மைப் போன்ற பெண்களின் உழைப்பு இருக்கிறது.

அவர்கள் பறிக்கும் கொழுந்து நாள்தோறும் தராசில் நிறுக்கப்படுகிறது. குறித்த கிலோ இருந்தால் முழுப்பெயர். குறைந்தால் அரைப்பெயர். மழை பெய்தாலும், செடி காய்ந்தாலும் தராசு இரக்கம் காட்டுவதில்லை. அப்படியானால் மேலே கதிரையில் அமர்ந்திருப்பவரின் சம்பளத்தை எந்தத் தராசு நிறுக்கிறது?

ஆயிரத்துக்கு ஒரு வழக்கு

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையும் ஒரு போராட்டமாகவே இருந்து வந்துள்ளது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளியானபோதும் நீதிமன்றம் சென்றன, அது இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 1,350 ரூபா என்று முடிவானது.

கம்பனிகள் சொன்ன நியாயம் என்ன? "உழைப்பின் பலனுக்கேற்பச் சம்பளம் இருக்க வேண்டும்" என்பதே. நல்லது, ஏற்றுக்கொள்வோம். அந்த நியாயம் கொழுந்துக் கூடையோடு நின்றுவிடலாமா? பணிப்பாளர் சபை மேசைக்கும் அது போக வேண்டாமா?

இலாபம் யாருடைய திறமை?

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. ஆனால் அதே 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததால், கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. விளைச்சல் குறைந்தது, வருமானமோ கூடியது!

அந்த வருமானத்தைப் பார்த்து, "முகாமையாளரின் திறமை" என்று ஒருவர் போனஸ் கேட்டால் அது நியாயமாகுமா? டொலர் ஏறியது அவருடைய கெட்டித்தனமா? அமெரிக்காவில் பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் காட்டியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போது எண்ணெய்க் கம்பனித் தலைவர்களின் சம்பளமும் ஏறியது. விலையை ஏற்றியது அவர்கள் அல்ல. அதிர்ஷ்டத்துக்கும் கூலி கிடைத்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டால், அது பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும். போனஸ் இந்த ஆண்டு இலாபத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டால், நாளைக்காகச் செலவழிக்க யார் முன்வருவார்?

வங்கியிலும் இதே கேள்வி

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென நாடு அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. நம் அடுப்படிகள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். 2024 பெப்ரவரியில் மத்திய வங்கி ஊழியர்களுக்குப் பெரும் சம்பள உயர்வு என்ற செய்தி வந்தது. சில தரங்களுக்கு அது 70 வீதத்தையும் தாண்டியது. பாராளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது.

வங்கித் தரப்பிலும் நியாயம் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் ஒப்பந்தம் இது, நிபுணர்கள் வெளிநாடு செல்கிறார்கள் என்றார்கள். 2023இல் பணவீக்கம் வெகுவாக இறங்கியதும் உண்மையே. ஆனால் உயர்வை அங்கீகரித்தது அந்த வங்கியின் ஆளும் சபையே. மக்கள் மனதை உறுத்தியது அதுதான்.

இஸ்லாம் காட்டும் வழி

அதிக ஊதியம் என்றாலே தவறு என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் முதலீட்டுக்குச் சொந்தக்காரர். நபி (ஸல்) அவர்களைத் தம் சரக்குடன் ஷாமுக்கு அனுப்பியபோது, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட இரு மடங்கு தருவதாக வாக்களித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். நம்பிக்கைக்கும் திறமைக்கும் உரிய விலை அது. வியாபாரமும் நல்ல இலாபம் தந்தது.

ஆனால் முழாரபா என்ற அந்தக் கூட்டு வியாபாரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. இலாபம் வந்தால் பேசிய விகிதப்படி பங்கு. கவனக்குறைவின்றி நட்டம் வந்தால் முதலாளிக்குப் பணம் போகும். நடத்தியவருக்கு உழைப்பு வீணாகும். இருவருமே சுமக்கிறார்கள். இன்றைய பெரிய கம்பனிகளிலோ, இலாபம் வந்தால் போனஸ், நட்டம் வந்தாலும் மாதச் சம்பளம் என்றாகிவிட்டது.

அபூபக்ர் (ரழி) அவர்கள் கலீபாவான பின்னும் துணி விற்கச் சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரழி) போன்றோர் தடுத்து, குடும்பத் தேவைக்கு ஏற்ற தொகையை பைத்துல் மாலிலிருந்து நிர்ணயித்தார்கள். அந்தத் தொகையைத் தாமே நிர்ணயிக்கவில்லை, பிறர் நிர்ணயித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மரணத் தறுவாயில் அதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

உங்கள் கணவரோ மகனோ மகளோ தனியார் துறையில் வேலை செய்தால், அவர்களின் ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதி கம்பனிப் பங்குகளில் இருக்கிறது. ஆகவே நாமும் சிறு முதலாளிகளே. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகள் பணிப்பாளர்களின் மொத்த ஊதியத்தை வருடாந்த அறிக்கையில் காட்டுகின்றன. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், ஒவ்வொரு பணிப்பாளரின் ஊதியமும் நடுத்தர ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் வெளியிடச் சொல்கிறது. இங்கும் அதைக் கேட்பதில் தவறென்ன?

குடும்பக் கடையிலும், பாடசாலைச் சங்கத்திலும், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இக்கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். ஊதியத்தை யார் நிர்ணயித்தார்? எதற்காக? நட்டம் வந்தால் யார் சுமப்பது?

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கவே சூரத்துல் முதஃப்பிஃபீன் என்ற ஓர் அத்தியாயம் இறங்கியது. அந்தக் கண்டனம் சந்தை வியாபாரிக்கு மட்டுமா? ஒரு கம்பனிக்குள் இரண்டு தராசு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும் அல்லவா? சிந்திப்போம், சகோதரிகளே. அல்லாஹ் நம் அனைவரையும் நீதியாக அளப்பவர்களாக ஆக்குவானாக!