கப்பலுக்கு வந்த சமையற்காரர்

1223-ஆம் வருஷம் ஜப்பானியக் கப்பல் ஒன்று சீன தேசத்துத் துறைமுகத்தில் வந்து நின்றது. அவ்வூரை இன்று நிங்போ என்று அழைக்கிறார்கள். கப்பலில் டோகென் என்ற இளம் பிக்ஷு இருந்தார். மெய்ஞ்ஞானத்தை நாடிக் கடல் கடந்து வந்தும், மடங்களுக்குச் செல்ல உடனே இயலாமல் கப்பலிலேயே காத்துக் கிடந்தார். ரயில் ஒரு மணி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரை ஏழெட்டு முறை விசாரித்துவிடும் நாம், அவருடைய தவிப்பை ஒருவாறு ஊகிக்கலாம்.

ஒரு நாள் அறுபத்தொரு வயதுக் கிழவர் ஒருவர் கப்பலுக்கு வந்தார். அசோகர் பெயரைத் தாங்கிய மலையிலுள்ள மடத்தின் தலைமைச் சமையற்காரர் அவர். (நம் அசோகரின் பெயர் அத்தனை தூரம் சென்றிருப்பது நமக்குச் சந்தோஷந்தான்.) மறுநாள் பண்டிகை. பிக்ஷுக்களுக்கு நல்லதாக ஏதேனும் சமைத்துப் போட வேண்டுமென்று, சரக்கு வாங்க வெகுதூரம் நடந்து வந்திருந்தார்.

இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்று டோகென் வேண்டினார். கிழவர் இணங்கவில்லை, நாளைய சமையலைத் தாமே கவனிக்க வேண்டும் என்றார். இந்த வயதில் தியானத்தில் அமராமல், நூல்களை ஆராயாமல், அடுப்படியில் ஏன் உழல வேண்டும் என்று இளைஞர் கேட்டேவிட்டார். கிழவர் உரக்கச் சிரித்தார். அயல்நாட்டு நண்பருக்குச் சாதனை இன்னதென்று இன்னும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்ததென்று எழுந்து நடந்தார்.

டோகென் வெட்கினார். மலைமேலுள்ள மடங்களில் அவர் தேட வந்த அமைதி, கப்பல் தளத்திலேயே எதிரே வந்து நின்று, சரக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது!

நமது ‘தியானம்’ என்ற சொல்லே சீனத்தில் ‘சான்’ என்றாகி, ஜப்பானில் ‘ஸென்’ ஆயிற்று. கண்ணை மூடி உட்காருவதே அது என்று எண்ணுவோர் உண்டு. டோகெனும் உட்காருவதையே தலையாயதாகப் போற்றியவர்தாம். ஆனால் 1227-ல் நாடு திரும்பிய அவர், 1237-ல் மடத்துச் சமையற்காரரின் கடமைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அரிசி களைவதும் கல் பொறுக்குவதும் அதில் சிரத்தையுடன் பேசப்படுகின்றன. கப்பற் சந்திப்பையும் அதில்தான் சொல்லியிருக்கிறார். 1244-ல் அவர் நிறுவிய மடம் எய்ஹேய்ஜி என்ற பெயருடன் இன்றும் விளங்குகிறது.

கிழவரின் பெயரை மட்டும் டோகென் எழுதி வைக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் அவர் பணியிலிருந்து விலகி, ஊர் திரும்பும் வழியில் டோகெனைத் தேடி வந்தாராம். இளைஞர் பழைய கேள்வியை மறக்கவில்லை, மறுபடியும் கேட்டார். இம்முறை கிழவருக்காக எந்த அடுப்பும் காத்திருக்கவில்லை.