அஞ்சறைப் பெட்டியில் கிடந்த துண்டுச் சீட்டு

வீட்டில் குடிக்கும் கணவரை வைத்துக்கொண்டு, வெளியே சிரித்த முகம் காட்டும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் கொத்தனார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் வீட்டு வாசலைத் தொடாது. என் செயின் கழுத்தில் கிடந்ததை விட அடகுக் கடையில் கிடந்த நாட்களே அதிகம்.

நேர்ச்சை, மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாக, ‘அவருக்கே தெரியாமல் கொடுக்கலாம்’ என்று யாரோ சொன்ன பொடியை வாங்கி மீன் குழம்பில் கலந்தேன். அன்று ராத்திரி குடித்துவிட்டு வந்து சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்திக்கு மேல் வாந்தி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். “இந்த மாதிரிப் பொடியில சாராயத்தோட சேர்ந்தா ஆகாத மருந்து இருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போயிரும். நோயாளிக்குத் தெரிஞ்சு, டாக்டர் பார்வையில மட்டும்தான் அதைக் கொடுக்கணும்” என்று கண்டித்தார். கிளம்பும்போது அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒரு துண்டுச் சீட்டில் இடம், கிழமை, நேரம் எழுதிக் கொடுத்தார். நாகர்கோவிலில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டமாம்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் காட்டினேன். “எனக்கென்ன கிறுக்கா? வேணும்னா நீயே போ” என்றார். சீட்டு மூன்று வாரம் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் பூசிக் கிடந்தது. பிறகு, நானே போனேன்.

வடசேரியில் பஸ் இறங்கி, அந்தப் பள்ளிக்கூட வாசலை இரண்டு தடவை கடந்து நடந்தேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? மூன்றாவது தடவை வயதான ஒரு அம்மா, “மொத தடவையா பிள்ளே? உள்ள வா, இரி” என்று கூப்பிட்டார்.

குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும் கூடுவது மூடிய கூட்டம். குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம் என்றால் திறந்த கூட்டம். அன்று திறந்த கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்தார்கள். அடகு, பொய், அடிதடி எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேருவதற்குத் தகுதி. இஷ்டப்பட்டவர்கள் டீச் செலவுக்குக் காசு போட்டார்கள்.

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கியதாம் இது. அந்தத் தரகரின் மனைவி லோயிஸ் 1951-ல் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். நம் சென்னையிலும், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சிகிச்சை மையம் ஆரம்பித்தார். இதையெல்லாம் கேட்டபோது, நான் மட்டும் தனியாக இல்லை என்று தோன்றியது.

அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு மருந்து: “இந்த நோய நீ கொடுக்கல்ல. உன்னால குணமாக்கவும் முடியாது. ஆனா நீ அதுக்குத் தீனி போடாம இருக்கலாம்.” யோசித்துப் பார்த்தேன். காண்ட்ராக்டரிடம் ‘காய்ச்சல்’ என்று பொய் சொன்னது நான். கடைக் கடனை அடைத்தது நான். வாந்தியைக் கழுவி, ஒன்றும் நடக்காதது போல் காப்பி போட்டதும் நான். மூன்றையும் நிறுத்தினேன். சண்டையையும் நிறுத்தினேன். வாரா வாரம் கூட்டத்துக்குப் போனேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் அவராகவே கேட்டார், “அங்க என்னட்டி பேசுவாவ?”

முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர்கள் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகுதான் கூட்டம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினார். அடுத்த வாரம் அதையும் எழுந்து சொன்னார். யாரும் ஏசவில்லை. இப்போது பதினாலு மாதமாகிறது. நாளைக்கு எப்படியோ, இன்றைக்குக் குடிக்கவில்லை. செயினை மீட்டாயிற்று, மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

சகோதரிகளே, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446-ஐக் கூப்பிட்டும் விசாரிக்கலாம். அடி உதை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், 181-ஐக் கூப்பிடுங்கள். கூட்டம் எங்கே என்று தெரிந்ததும், அவர் வருவாரா என்று காத்திருக்காமல் நீங்கள் முதலில் போய்விடுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தக்கலை.