எழுவான்கரை மணலும் படுவான்கரை மண்ணும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். குருமண்வெளித் துறையில் ஓடமேறி மண்டூரில் இறங்குவோர் தென்னை நிற்கும் மணலை விட்டு வயல்நிலத்தை அடைகின்றனர். ஞாயிற்றைக் கொண்டு பெயரிட்டோர் மண்ணைக் கொண்டு பெயரிட்டிருப்பினும் பிழையிராது. ஆயினும் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரேவகைப் பாறையின் இருவேறு மிச்சங்களே என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகிறோம்.

இப்பிரதேசத்தின் அடித்தளம், புவிச்சரிதவியலாளர் விஜயன் தொகுதி எனப் பெயரிட்ட, நூறு கோடி ஆண்டளவு பழைமையுடைய நைசுப் பாறையாகும். குடும்பிமலை போன்ற தனிக்குன்றுகளில் அது வெளித்தெரிகின்றது. மேற்சுமை நீங்கிய பாறை வெங்காயத் தோல்போல் ஏடேடாகப் பிளக்கிறது. வெடிப்பில் நீர் இறங்குகிறது. மரவேர் அதனை அகட்டுகிறது. இது தொடக்கமே. வானிலையாலழிதலிற் பெரும்பங்கு இரசாயன மாற்றத்துக்கு உரியது. மாரிமழை வளியிலும் வேர்மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகிறது. அவ்வமிலம் பட்ட பெல்சுபார் களியாகிறது. அதிலிருந்த பொற்றாசியமும் சோடியமும் நீரோடு கழிகின்றன. கருமைக்காவின் இரும்பு ஒட்சியேறி மண்ணுக்குச் செங்கபில நிறம் தருகிறது. குவாட்சு மட்டும் ஏறத்தாழ மாறாது எஞ்சுகிறது. அதுவே மணல்.

பின்னர், ஓடும் நீர் இவற்றைத் தரம்பிரிக்கிறது. முந்தனையாறு முதலியன கொணரும் நுண்களி, ஓட்டம் தளரும் தாழ்நிலங்களிலும் வாவியடியிலும் படிகிறது. ஆறுகள் கடலிற் சேர்த்த குவாட்சு மணலையோ, கடல்மட்டம் இன்றைய நிலையை அண்மித்த கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில், அலைகள் திடராகக் குவித்தன. வாவி அத்திடரால் அடைபட்ட நீரேயாகும்.

கடும்பாறையிலிருந்து ஓரங்குல மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். அண்மைப் பத்தாண்டுகளிலோ இவ்வாறுகளின் மணல் இயந்திரங்களால் அள்ளப்பட்டு டிப்பர்களில் ஏற்றப்படுகிறது. மாரிவெள்ளம் மீண்டும் கொணரும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். வெள்ளம் கொணர்வது உண்மையே. ஆனால் அம்மணல் ஓராண்டிற் பிறந்ததன்று. மேட்டிலும் ஆற்றங்கரையிலும் நெடுங்காலம் கழன்று கிடந்ததே அடித்துவரப்படுகிறது. படுகை தாழ்ந்தவிடத்துக் கரை சரிகிறது. சரிவது பெரும்பாலும் படுவான்கரை உழவரின் வயல். கடலைச் சென்றடையும் மணலும் அந்த அளவுக்குக் குறைகிறது. எழுவான்கரையிலிருந்து அலை அரித்துச் செல்வதை ஈடுசெய்ய வருவதும் அம்மணலே.