லயத்துக்குப் பின்னால் 'டொக் டொக்' என்பது யார்? கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள்

விளக்கு வைத்த பிறகு லயத்துக்குப் பின்னால், யாரோ மரத்தைத் தட்டுவது போல 'டொக்... டொக்... டொக்' என்று ஒரே சீராக ஒரு சத்தம் கேட்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சத்தம். பேய் என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட பாட்டிமார்களும் உண்டு. மலாய்க்காரர்கள் இதை 'துக்காங் குபோர்' என்பார்கள். சவக்குழித் தொழிலாளி என்று பொருள்.

பெயர்தான் பயங்கரம். அது பக்கி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. பகலில் சருகோடு சருகாகப் படுத்திருக்கும். இரவில் அந்துப்பூச்சி, வண்டுகளைப் பிடித்துத் தின்னும். கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிடுவதால், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமன்படுத்த இயந்திரங்கள் வந்தால் முதலில் இடம் இழப்பவற்றில் இதுவும் ஒன்று. தோட்டங்கள் தாமான்களாக மாறிவரும் காலத்தில், அங்கே கேட்ட குரலை வைத்துக்கொள்ள ஒரு கைப்பேசி போதும்.

தாமான்வாசிகளுக்கும் வேலை உண்டு. விடியுமுன் கூவித் தூக்கத்தைக் கெடுக்கும் குயிலின் கதையைக் கேளுங்கள். 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுக்களைக் கட்டுப்படுத்த இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. காப்பி போய் ரப்பர் வந்தது, காகங்கள் போகவில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

பதிவு செய்யும்போது பெரும்பாலோர் புலனத்தின் குரல்பதிவுப் பொத்தானை அழுத்துகிறார்கள். அது மனிதப் பேச்சுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்கிவிடும். பூச்சி, பறவைகளின் மெல்லிய உச்ச ஒலிகள் காணாமல் போகும். கைப்பேசியிலுள்ள ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, தரத்தை உச்சத்தில் வையுங்கள். அழைப்பு வராமல் இருக்க விமானப் பயன்முறை அவசியம். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தமே பெரிதாகக் கேட்கும். ஒரு துண்டை மடித்து மதில்மேல் போட்டு, அதன்மேல் கைப்பேசியை வைத்து, ஒலிவாங்கி இருக்கும் முனையைச் சத்தம் வரும் பக்கம் திருப்பிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காற்றடித்தால் சுவர் மறைவு வேண்டும். ஒரு நிமிடமாவது ஓடட்டும். பிறருக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக இணைத்தால் தரம் குறையாது.

என்ன பறவை என்று அறிய 2005இல் தொடங்கப்பட்ட 'ஸெனோ-காந்தோ' இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கேட்டு ஒப்பிடலாம். சொந்தப் பதிவையும் ஏற்றலாம். 'மெர்லின்' போன்ற செயலிகள் பெயரை ஊகித்துச் சொல்லும். அதையே முடிவாகக் கொள்ளாமல் காதால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பதிவை உரக்க ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதாக நினைத்து அது குஞ்சுகளை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். முறாய் எனப்படும் வண்ணாத்திக் குருவியைக் கூண்டுக்காகப் பிடிப்போரும் இருக்கிறார்கள். ஆகவே கூடு இருக்கும் மரத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள்.

பதிவின் கடைசியில் தேதி, நேரம், இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல தோட்டங்களுக்கு அலுவலகப் பெயர் ஒன்று, மக்கள் வழங்கும் தமிழ்ப்பெயர் ஒன்று. வரைபடத்தில் முன்னது மட்டுமே இருக்கும். பதிவில் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.