வெயிலை நம்பிய ஸ்டூடியோ

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ 1917-18 வாக்கில் சென்னை மில்லர்ஸ் ரோட்டில் தயாரானது. மோட்டார் உதிரிபாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஒளிப்பதிவாளரிடம் தொழில் பழகி, இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கி எடுத்த படம் அது. பெரிய விளக்குகள் இல்லை. மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் வடிகட்டிய வெயிலில்தான் நடிப்பு. கேமராவின் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சுற்றுக்கு எட்டு வீதம் பதினாறு படக்கட்டங்கள் பதிவாகும். அதாவது நொடிக்கு ஓர் அடி ஃபிலிம். கை தளர்ந்தால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், வேகம் கூடினால் ஊர்வார்கள்.

ஒளி தந்த அதே வெயில்தான் அடுத்த கட்டத்துக்கு எமனாக வந்தது. ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு, கழுவும் ரசாயனக் கரைசல் சூடானால் இளகிவிடும். ஆகவே நெகட்டிவைக் கழுவக் குளிர்ச்சியான பெங்களூரில் லேப் வைத்தார் முதலியார். இங்கே எடுத்தது தேறியதா என்பது அங்கே போய் வந்த பிறகுதான் தெரியும்.

1923-இல் ஸ்டூடியோ எரிந்ததும் மகனை இழந்ததும்தான் கம்பெனி மூடியதற்குக் காரணம் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரு தீயும் ஒருவரின் துக்கமும் ஒரு நிறுவனத்தையே எப்படி முடித்தன? இயக்கம், கேமரா, எடிட்டிங் எல்லாம் அவர் ஒருவர் தலையிலேயே இருந்தன. படம் ஓடாததால் நொடித்தது என்றும் சொல்ல முடியாது. ‘கீசக வதம்’ சுமார் 35,000 ரூபாயில் தயாராகி 50,000 ரூபாய் ஈட்டியதாகத் திரைப்பட வரலாறுகள் பதிவு செய்கின்றன. பிறகு ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’ என்று படங்கள் தொடர்ந்தன.

அந்நாளில் எல்லாக் கம்பெனியும் தனியாள் கம்பெனிதானே என்று கேட்கலாம். தாதாசாகேப் பால்கேயும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் 1918-இல் பங்குதாரர்களோடு அமைந்த அவருடைய இந்துஸ்தான் கம்பெனி, அவர் கோபித்துக்கொண்டு காசிக்குப் போய்விட்ட காலத்திலும் படம் எடுத்தது. 1930-கள் வரை நீடித்தது. பால்கேக்கும் மனக்கசப்புகள் இருந்தன. ஆனால் வேலையைத் தொடரப் பங்குதாரர்களும் தொழில் தெரிந்தவர்களும் இருந்தார்கள். திறமையிலோ துணிச்சலிலோ முதலியார் குறைந்தவரல்ல. ஒரு படத்தை வெற்றியாக்க அவை போதும். ஸ்டூடியோ நிலைக்க, முதலாளி வராத நாளிலும் கைப்பிடியைச் சுற்ற இன்னொரு கை வேண்டும்.